பின்பாட்டு

1. வருஷக் கடைசி வந்துட்டா எல்லாரும் பட்டியல் போடுவாங்க. படிச்ச புத்தகம், பார்த்த படம், போன ஊர். எங்க வீட்டுக்கு 2025ல் ஒரே ஒரு பட்டியல் தான். பக்கவாதத்தில் பேச்சு போன எங்க அப்பத்தாவுக்குத் திரும்ப வந்த பாட்டுகளின் பட்டியல். மொத்தம் பதினொன்று. தங்கச்சி ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கா. இந்த இழை அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

2. ஊர், மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். 1895ல் பெரியாறு அணை கட்டி முடிச்சு, மேற்கே ஓடின தண்ணியைக் கிழக்கே திருப்பின பிறகு செழிச்ச வயக்காடு. எங்க பக்கம் ஒருபோகம். தண்ணி திறந்தா புரட்டாசி, ஐப்பசியில் நடவு. தை, மாசியில் அறுப்பு. வருஷத்துக்கு ஒரு நடவு தான்ங்கிறதால அந்த நாலஞ்சு வாரம் ஊர்ப் பொம்பளைங்க யாருக்கும் கை ஓயாது.

3. எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். அதை நட்டு முடிச்சதும் அப்பத்தா அடுத்த வயலுக்குக் கூலிக்குப் போயிடுவாங்க. பதினாலு பேர் கொண்ட நடவுச் செட்டு அது. ஊருக்குள்ள இருந்து ஆறு பேர், காலனியில் இருந்து எட்டு பேர். அந்தச் செட்டில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறது அப்பத்தா. மீதிப் பதிமூணு பேரும் பின்பாட்டு.

4. நடவுப் பாட்டை மேடையில் மட்டும் கேட்டவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அது கச்சேரி இல்லை, வேலைக்கான கருவி. முதல் முடியைப் பிரிச்சு நடும்போது குலவை போடுவாங்க. அப்புறம் ஒருத்தர் ஒரு வரி எடுப்பாங்க, மத்தவங்க அதை வாங்கித் திருப்பிச் சொல்லுவாங்க. குனிஞ்சபடியே பின்னால நகர்ந்து போகிற வரிசையில் யாரும் முந்தாம, யாரும் பிந்தாம வச்சுக்கிறது அந்தத் தாளம் தான். மூச்சு வாங்குறவ ஒரு வரியை விட்டுட்டா, பக்கத்துல இருக்கிறவ சேர்த்துப் பாடி இழுத்துக்குவா.

5. வரிகளும் நிலையா இருக்காது. வரப்புல குடை பிடிச்சு நிக்கிற வயக்காரரோட கஞ்சத்தனம் பாட்டுக்குள்ள வந்துடும். பேர் சொல்ல மாட்டாங்க. ஆனா யாரைன்னு எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நேரில் கேட்க முடியாத கூலியைப் பாட்டுல கேட்பாங்க.

6. அப்புறம் நடவு எந்திரம் வந்தது, நூறு நாள் வேலை வந்தது. பிள்ளைகள் படிச்சு வெளியூர் போனோம். செட்டு கலைஞ்சது. இதுக்காக ஒப்பாரி வைக்க நான் தயாரா இல்லை. அரசு மருத்துவமனை ஓபியில் உட்கார்ந்து, முப்பது வருஷம் குனிஞ்சு நட்டவங்களோட முதுகையும் முழங்காலையும் சேத்துப்புண்ணையும் தினம் பார்க்கிறவன் நான். எந்திரம் வந்தது நல்லதுக்குத் தான். ஆனா வேலை போனப்ப, அதோட சேர்ந்து என்ன போச்சுன்னு இந்த வருஷம் தான் எங்க வீட்டுக்குத் தெரிஞ்சது.

7. ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை. அப்பத்தா ஊர்ல தனியாத் தான் இருந்தாங்க. "மதுரைக்கு வந்து மூணாவது மாடியில யாரைப் பார்க்கிறது?"ன்னு கேட்டு வர மறுத்தவங்க. அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு ஆட்டைப் பத்திக்கிட்டுத் தெருவழியாப் போன ஒரு அம்மா, வீட்டு வாசல் தெளிக்காம இருக்கிறதைப் பார்த்து நின்னுட்டாங்க. அஞ்சு மணிக்கு ஈரமா இருக்க வேண்டிய வாசல் காய்ஞ்சு கிடக்குது. கூப்பிட்டாங்க, பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்களை எழுப்பிக் கதவைத் திறந்தப்ப, கட்டிலுக்குக் கீழே கிடந்தாங்க அப்பத்தா. நாங்க வாங்கிக் கொடுத்த செல்போன் தலைமாட்டுல பத்திரமா இருந்தது.

8. அந்த அம்மா செட்டில் பின்பாட்டு பாடின எட்டு பேரில் ஒருத்தர். அவங்க சம்மதம் கேட்டுத் தான் எழுதுறேன். பேர் வேணாம்னு சொன்னாங்க.

9. 108 வந்தது. வலது கை, வலது கால் வரலை. வாய் கோணியிருந்தது. பேச்சு ஒரு சொல்லும் இல்லை. ஸ்கேன் எடுத்தா இடது பக்க மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். தூக்கத்தில் வந்தவங்களுக்கு அது எப்போ தொடங்கினதுன்னு தெரியாது. கடைசியா நல்லா இருந்ததைப் பார்த்த நேரத்தில் இருந்து தான் கணக்கு. அப்பத்தாவைக் கடைசியாப் பார்த்தது முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு. அதனால ஊசி போட முடியலை.

10. படிக்கிற எல்லாரும் இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியலைன்னால், பேச்சு குழறினால் அது பக்கவாதமா இருக்கலாம். எண்ணெய் தேய்க்க வேணாம், வாயில் எதையும் ஊத்த வேணாம், விடியட்டும்னு காத்திருக்க வேணாம். 108. தாமதமா வந்தாலும் சில பேருக்குச் செய்ய வழிகள் இருக்கு. அதனால "நேரம் போயிடுச்சு"ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

11. பன்னிரண்டு நாள் கழிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மதுரைக்கு இல்லை, ஊருக்குத் தான். அப்பாவும் அம்மாவும் அங்கேயே போய்த் தங்கினாங்க. நான் லீவு கிடைக்கும்போது போவேன். கை கால் பயிற்சிக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தாங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கின திட்டம். படுக்கையில் இருக்கிறவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் மதுரை வரைக்கும் போகணும்.

12. பேச்சு போனது தான் பெரிய கொடுமை. நம்ம சொல்றது அப்பத்தாவுக்குப் பெரும்பாலும் புரியும். என்ன சொல்லணும்னும் தெரியும். சொல் தான் வராது. எதைக் கேட்டாலும் "அது... அது..." மட்டும். அஃபேசியான்னு சொல்லுவோம். பெரும்பாலானவங்களுக்குப் பேச்சை உருவாக்கும் பகுதிகள் மூளையின் இடது பக்கம் இருக்கு. அந்தப் பக்கம் அடி வாங்கினா இப்படி ஆகும். இது புத்தி கெட்டுப் போறது இல்லை. ஊரில் நிறைய பேர் அப்படி நினைச்சு, அவங்க முன்னாடியே அவங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்பத்தா அதைக் கேட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்குவாங்க.

13. ஆவணி பிறந்து ஒரு சாயங்காலம். காய்ஞ்ச வாசலைப் பார்த்து நின்ன அதே அம்மா பார்க்க வந்தாங்க. வாசல்லயே நின்னாங்க. நாப்பது வருஷம் ஒரே சேத்துல, ஒரே வரிசையில் நின்னு அப்பத்தா எடுத்த வரியை வாங்கிப் பாடினவங்க. பதினாலு பேருக்கும் கஞ்சி ஒரே வரப்புல தான், ஆனா தூக்குச்சட்டி வேற வேற. இந்த வீட்டு நிலைப்படியை அதுவரைக்கும் தாண்டினது இல்லை. அப்பத்தா விழுந்த அன்னைக்குக் கூட, கதவைத் திறக்க வச்சுட்டு வெளியே தான் நின்னிருக்காங்க. இதைப் பூசி மெழுகி எழுத எனக்கு விருப்பம் இல்லை. அது தான் எங்க ஊர்.

14. கட்டில்ல இருந்து அப்பத்தா பார்த்தாங்க. இடது கையைத் தூக்கி "வா"ன்னு சைகை காட்டினாங்க. இடது கையால ஆளைக் கூப்பிடக் கூடாதுன்னு எங்களைச் சின்ன வயசுல அடிச்சவங்க. இப்போ அசையுறது அந்தக் கை ஒண்ணு தான். அம்மா எழுந்து போய் அவங்க கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வந்து கட்டில்லயே உட்கார வச்சாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்.

15. கொஞ்ச நேரம் ஆடு, மழை, பேத்தி படிப்புன்னு ஏதோ பேசினாங்க. அப்பத்தா "அது... அது..."ன்னு சொல்லி அழ ஆரம்பிச்சதும் அந்த அம்மாவுக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. அப்பத்தாவோட இடது கையை எடுத்துத் தன் மடியில் வச்சு, மெதுவாத் தட்டிக்கிட்டே ஒரு நடவுப் பாட்டோட முதல் வரியை எடுத்தாங்க. எடுத்துட்டு, வயலில் செய்யற மாதிரியே நிறுத்தினாங்க.

16. அப்பத்தா அதை வாங்கிப் பாடினாங்க. முழு வரி, பிசிறு கொஞ்சம் இருந்தது, சொல் எல்லாம் இருந்தது. வாழ்நாள் பூரா எடுத்துக் கொடுத்தவங்க அன்னைக்குத் தான் முதல் தடவையா பின்பாட்டு பாடினாங்க. அடுப்படியில் இருந்து ஓடி வந்த தங்கச்சி கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. எனக்கு போன் பண்ணினப்ப அவளுக்குப் பேச்சே வரலை.

17. இது அதிசயம் இல்லை, மருத்துவத்துக்குத் தெரிஞ்ச விஷயம் தான். நான் வெறும் எம்பிபிஎஸ், நரம்பியல் நிபுணர் இல்லை. புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். பேச்சு போன சிலருக்குப் பாட்டு வரும். மெட்டையும் தாளத்தையும் மூளையின் இரண்டு பக்கமும் சேர்ந்து கையாளுது. பல வருஷம் திரும்பத் திரும்பச் சொல்லி ஊறின சொற்கள், நாமளா யோசிச்சுக் கோர்க்கிற பேச்சில் இருந்து வேறு வழியில் வெளியே வருது. 1973லேயே அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள் இதை வச்சு ஒரு பேச்சுப் பயிற்சி முறையை வெளியிட்டாங்க. நோயாளியின் இடது கையைத் தாளத்துக்குத் தட்டிக்கிட்டே, சின்னச் சின்ன வாக்கியங்களை ராகம் போட்டுச் சொல்ல வைப்பாங்க. எங்க வீட்டுக்கு வந்த அம்மா இதையெல்லாம் படிச்சவங்க இல்லை. தாளம் தப்பினவளை எப்படி வரிசைக்குள்ள இழுக்கிறதுன்னு தெரிஞ்சவங்க.

18. ஒரு எச்சரிக்கை. பாட்டு வந்தா பேச்சும் வந்துடும்னு அர்த்தம் இல்லை. எல்லாருக்கும் இது பலிக்காது. உதவி செய்யறது மெட்டா, தாளமா, மனப்பாடமான சொல்லான்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க. மாத்திரையை நிறுத்திட்டுப் பாட்டு பாடச் சொல்லி யாராவது வீடியோ போட்டா நம்பாதீங்க. ரத்த அழுத்தம், சர்க்கரை, பயிற்சி எல்லாம் அப்படியே தொடரணும்.

19. அடுத்த நாள் தம்பி ஒரு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தான். யூடியூபில் கிடைச்ச நாட்டுப்புறப் பாட்டை எல்லாம் போட்டான். அப்பத்தா கேட்டாங்க, தலையாட்டினாங்க, தூங்கிட்டாங்க. ஒரு சொல் வரலை. அந்த அம்மாவையே பாடச் சொல்லிப் பதிவு பண்ணிப் போட்டோம். அதுக்கும் வரலை. சாயங்காலம் அவங்க நேர்ல வந்து அதே வரியைப் பாடி நிறுத்தினா வருது. ஒரு வாரம் இதையே பார்த்துட்டு தங்கச்சி சொன்னா: "அண்ணே, போன் நிக்காதுண்ணே. அவங்க வாயை உத்துப் பார்த்துக்கிட்டு அது காத்திருக்காது."

20. இந்த வருஷம் எங்க வீடு கத்துக்கிட்டது இது தான். எங்க அப்பத்தாவோட பாட்டு அவங்க ஒருத்தர் தலைக்குள்ள முழுசா இருந்தது இல்லை. ஒரு பாதி எடுக்கிறவங்க கிட்ட, மறு பாதி வாங்குறவங்க கிட்ட. செட்டு கலைஞ்சப்ப கூலி வேலை மட்டும் போகலை. ஒருத்தி நிறுத்தின இடத்தில் இருந்து இன்னொருத்தி எடுக்கிற அந்த ஏற்பாடு போச்சு.

21. பதினாலு பேரில் இப்போ ஊர்ல இருக்கிறது நாலு பேர். ஆட்டை அடைச்சுட்டு சாயங்காலம் வருவாங்க. புரட்டாசிக்குள்ள நாலு நடவுப் பாட்டு வந்துடுச்சு. அப்புறம் முளைப்பாரிக் கும்மி. அடுத்து என் அப்பாவையும் அத்தையையும் தூங்க வச்ச தாலாட்டு. தாய்மாமன் கொண்டு வர்ற சீரை வரிசையா அடுக்கிக்கிட்டே போகிற நீளமான பாட்டு அது. நடுவுல ஒரு சீரை விட்டுட்டு அப்பத்தா தானாவே திரும்பிப் போய் அதைச் சேர்த்துக்கிட்டாங்க. ஒரு நாள் ஒருத்தர் ஒப்பாரி எடுத்தப்ப இடது கையால அவங்க வாயைப் பொத்தினாங்க. "இன்னும் நான் போகலைங்குது"ன்னு சொல்லி நாலு பேரும் விழுந்து சிரிச்சாங்க. அப்பத்தாவும் சிரிச்சாங்க.

22. பாட்டில் இருந்து பேச்சுக்கு ஒரு சின்னப் பாலமும் போட்டிருக்கோம். பேச்சுப் பயிற்சியாளர் சொன்ன மாதிரி, தேவையான வார்த்தைகளை நடவு மெட்டில் போட்டுப் பழக்கினோம். "தண்ணி கொண்டா", "கால் வலிக்குது", "வேணாம் போ". மூணும் இப்போ வருது. மூணாவது தான் அதிகம் வருது. பேரன் பேத்திகள் பேர் இன்னும் வரலை. வராமலும் போகலாம். அது எங்களுக்குத் தெரியும்.

23. டிசம்பர் கடைசி ஞாயிறு எல்லாரும் ஊர்ல கூடினோம். வருஷக் கடைசியில் அந்த வருஷத்தைப் பத்தி ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசுறது எங்க வீட்டு வழக்கம். அப்பா, "அந்தக் காலம் மாதிரி வருமா? ஊரே ஒரு குடும்பமா இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சார். "யாருக்குப்பா குடும்பம்? நாப்பது வருஷம் வாசல்ல நின்னவங்களுக்கா?"ன்னு தங்கச்சி கேட்டா. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. கட்டில்ல உட்கார்ந்திருந்த அந்த அம்மா தான் பேசினாங்க. "பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சு தாயி. கூலி தான் நல்லா இல்ல. மருவாதியும் இல்ல."

24. கிராமத்துப் பாட்டைப் பத்தி இதை விட நேர்மையான வாக்கியம் நான் கேட்டது இல்லை. நம்ம ஏக்கத்துக்காக ஒருத்தரோட வலியை அழிச்சு எழுதக் கூடாது. அவங்க வலிக்காகப் பாட்டைத் தூக்கி எறியவும் தேவையில்லை. பறையைப் பாருங்க. சாவுக்கு அடிக்கத்தான்னு ஒரு சாதியின் மேல சுமத்தி வச்சிருந்த கருவி. அதை மரியாதையோட மேடைக்குக் கொண்டு வர வாழ்நாளைக் கொடுத்தவங்க இருக்காங்க. எங்க மாவட்டத்துக்காரர் வேலு ஆசானுக்கு இந்த 2025ல் பத்மஸ்ரீ கிடைச்சது. அதே தோல், அதே கை. மாறினது மரியாதை.

25. சேகரிச்சவங்களுக்கும் நாம கடன்பட்டிருக்கோம். நா. வானமாமலை 1964ல் "தமிழர் நாட்டுப்பாடல்கள்" தொகுப்பைக் கொண்டு வந்தார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவங்க கணவரும் ஊர் ஊராப் போய்ச் சேகரிச்சு, தாங்களே பாடியும் பரப்பினாங்க. அவங்களுக்கு 2018ல் பத்மஸ்ரீ. "ஆண் பாவம்" படத்தில் 1985ல் வந்த கொல்லங்குடி கருப்பாயி அம்மாவை அதுக்கு முன்னாடியே வானொலியில் கேட்டவங்க எங்க அப்பத்தா தலைமுறை. தங்கச்சியின் நோட்டும் அந்த வரிசையில் ஒரு சின்ன ஆசை தான். ஆனா நோட்டில் வரிகள் மட்டும் தான் ஏறும். வாங்கிப் பாட ஆள் வேணும்.

26. ஓபியில் தினமும் பார்க்கிறேன். தூக்கம் வரலை, உடம்பெல்லாம் வலி, பசி இல்லைன்னு தனியா வர்ற வயசானவங்க. பரிசோதனை எல்லாம் சரியா இருக்கும். "வீட்ல யார் இருக்கா?"ன்னு கேட்டா தான் நோய் வெளியே வரும். அதுக்கு என் சீட்டில் எழுத மாத்திரை இல்லை. வாசல் காய்ஞ்சிருந்தா நின்னு பார்க்கிற ஒரு ஆள் தான் மருந்து. அந்த ஆளுக்கு நம்ம வீட்டு நிலைப்படிக்குள்ள இடம் இருக்கணும்.

27. அன்னைக்கு ராத்திரி அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. நாலு பேரும் தினம் ஒரு மணி நேரம் தர்றாங்களே, நாம என்ன தர்றோம்? அப்பா பணம் கொடுக்கலாம்னார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "பாட்டுக்குக் கூலியா? நடவுக்கே சரியாத் தரல, இதுக்குத் தர்றீகளாக்கும்?" எல்லாரும் சிரிச்சோம், அப்பா கொஞ்சம் தாமதமாச் சிரிச்சார். அப்புறம் அவங்களே சொன்னாங்க, பேத்தி நர்சிங் படிக்க ஆசைப்படுது, விண்ணப்பம் போடறதில் இருந்து சேர்க்கிற வரைக்கும் கூட நில்லுங்கன்னு. 2026ல் எங்க குடும்பத்தின் முதல் வேலை அது.

28. கடைசியா, பேச்சு போனவங்க வீட்ல இருந்தா இதைச் செய்யுங்க. அவங்களுக்குப் புரியுதுன்னு வச்சுக்கிட்டே பேசுங்க. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி. டிவியை அணைச்சுட்டுப் பேசுங்க. பதிலை நீங்களே முடிச்சு வைக்காதீங்க. பேச்சுப் பயிற்சியாளர் எங்கே இருக்காங்கன்னு அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரிங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு எதுவா இருந்தாலும் சரி, சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, தாலாட்டு, முதல் வரியை நீங்க எடுங்க. எடுத்துட்டு அவங்க முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருங்க. முதல் நாள் வரலைன்னா மறுநாளும் எடுங்க.

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட இருந்து கேட்ட பாட்டு எதுன்னு கீழே எழுதுங்க. அதுக்குப் பின்பாட்டு பாடினது யாருன்னும் விசாரிச்சு எழுதுங்க.